தோல் ஜலம்

நிபாரண் பாபுவின் வீட்டு முற்றத்தில் இருந்த குழாயைக் காமு நான்கு வருஷமாகத் தொட்டதில்லை. அன்றைக்குக் காலையில் தொட்டாள். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடத்தை அதன் அடியில் வைத்துத் திருகினாள்.

முற்றத்தின் மறு ஓரத்தில் மீன் அரிந்து கொண்டிருந்த பௌதி நிமிர்ந்து பார்த்தாள். நிபாரண் பாபுவின் மனைவி அவள். வீட்டின் முன்பக்கம் அவர்களுக்கு. பின்பக்கத்து இரண்டு அறைகளும் சமையலறையும் காமுவின் தம்பி மஹாதேவனுக்கு வாடகைக்கு.

"ஓ மா! காமுதி, நீயா?" என்றாள் பௌதி வங்காளியில்.

"நான்தான். ஏன், என்னைப் பார்த்தா உங்க கொழாய் ஜலம் குடுக்காதா?" என்றாள் காமு தமிழில்.

இருவரும் நான்கு வருஷமாக இப்படித்தான் பேசிக் கொண்டார்கள். அவள் பாஷையை இவள் பேசியதில்லை, இவள் பாஷையை அவள் பேசியதில்லை. புரியாமல் போனதுமில்லை.

தலைநகர் இந்த ஊரை விட்டு டெல்லிக்குப் போன வருஷத்துக் கோடை அது. பவானிபூரில் வெயில் காலை ஏழு மணிக்கே சுவரில் ஏறி உட்கார்ந்துவிடும். மதராஸ் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வந்து, கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் கணக்கு எழுதிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே இருந்தன. அவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். குழாயின் கழுத்துக்குள் வட்டமாக ஒரு தோல் துண்டு இருக்கிறது. அது இல்லாவிட்டால் திருகினாலும் தண்ணீர் நிற்காது. மாட்டுத் தோல். அதனால் குழாய்த் தண்ணீரில் குளிக்கலாம், துணி தோய்க்கலாம். சமைக்கவும் குடிக்கவும் கங்கைதான். ஒரியாக்காரன் காவடியில் கொண்டு வந்து ஊற்றுவான்.

காமுவுக்கு அந்த ஒரியாக்காரன் பேரிலும் நம்பிக்கை கிடையாது. வழியில் யாரைத் தொட்டானோ என்பாள். அவளே போவாள். இருட்டு பிரியுமுன் முந்தின நாள் கங்கை ஜலத்தில் குளித்து, ஈர நார்மடிப் புடவையைச் சுற்றிக் கொண்டு, காளிகாட் ஆதிகங்கைப் படித்துறைக்கு நடை. டிராம் வண்டி மணியடித்துக் கொண்டு பக்கத்திலேயே ஓடும், ஏறியதில்லை. பூக்காரிகள், கோயில் பண்டாக்கள், பலிக்கு இழுத்துப் போகும் ஆட்டுக்குட்டிகள், எல்லோருக்கும் ஒதுங்கி, யார் நிழலும் மேலே படாமல் குடத்தைக் கொண்டு வந்து சேர்ப்பாள். மழைக்காலத்தில் சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும் போவாள். இடுப்பெலும்பின் மேல் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் தடித்துக் கறுத்திருந்தது.

தாலியறுத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த பிறகு, உலகத்தில் அவளுக்கென்று எவரும் எதையும் கொடுக்கவில்லை. மடி என்கிற தீட்டுப் படாத சுத்தம் ஒன்றுதான் அவளாகச் சம்பாதித்தது. அவள் கைபட்ட தண்ணீரென்றால் எந்தச் சாஸ்திரியும் கேள்வி கேட்காமல் குடிப்பார். பவானிபூர் முழுக்க அந்தப் பெயர் இருந்தது.

அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மஹாதேவனின் மனைவி அனந்தலக்ஷ்மி செத்துப் போனாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை வாந்தி எடுத்தாள். இருட்டுமுன் போய்விட்டாள். இருபத்தோரு வயது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. முனிசிபாலிட்டி டாக்டர் மறுநாள் வந்து சுண்ணாம்பு தூவச் சொன்னார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆதிகங்கை என்றதும் தொப்பியைக் கழற்றி விசிறிக் கொண்டார். முற்றத்தில் இருந்த குழாயைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக் கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து குழந்தைக்கு மட்டும் மஹாதேவனே குழாயில் பிடித்துக் கொடுத்தான். காமு பார்த்தாள், பார்க்காதது போல் இருந்தாள். அடுப்படியில் கங்கையே நடந்தது.

நாளைக்கு அனந்தத்தின் முதல் மாசிகம், அவள் போய் ஒரு மாசம்.

"காமு" என்று பின்வாசலில் குரல் கேட்டது. லக்ஷ்மிநாராயண சாஸ்திரிகள் குடையை மடக்கிக் கொண்டு நின்றார். பவானிபூர்த் தமிழர் வீடுகளுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். "நாளைக்கு நாழியாக்கிடாதே. நானும் வெங்கட்ராமனும் பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவோம். எள்ளு நல்ல எள்ளா... இது என்ன, துணி தோய்க்கவா?"

"சமைக்க."

"என்ன சமைக்க?"

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இலையில உக்காரப் போறேளே, அதுக்குத்தான். இன்னிக்கே பாத்திரமெல்லாம் ரொப்பி வைக்கறேன்."

சாஸ்திரிகள் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக் கொண்டார். "விளையாடாதே."

"விளையாடற வயசா எனக்கு? விளையாடற வயசுல மூலையில உக்கார வச்சேள்."

"நானா வச்சேன்?"

"உங்களை மாதிரி ஒருத்தர்."

குடம் நிரம்பி வழிந்தது. காமு குழாயை மூடினாள். எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் முதலில் தப்பாகத் திருகி, முழங்கை வரை நனைந்தாள்.

"கங்கைக்கு என்ன வந்துடுத்து இப்போ?" என்றார் சாஸ்திரிகள்.

"நேத்திக்குப் போனேன் மாமா. குடத்தை முக்கப் போறேன். மேல் படியில ஒருத்தி உக்காந்து பொடவை அலசிண்டிருக்கா. சின்னப் பொண்ணு. அழுதுண்டே அலசறா. யாருதுன்னு கேட்டேன். மாமியாருதாம். வாந்தி பேதியாம். கங்கையில அலசினா சுத்தமாயிடும்னு ஆத்துல சொல்லியனுப்பினாளாம். அவ அலசற ஜலம் நேரே என் குடத்து வாய்க்கு வந்துண்டிருக்கு."

"கங்கைக்கு அதெல்லாம் ஒட்டாது காமு."

"கேளுங்கோ. அனந்தத்தோட பொடவையை நான் எங்க அலசினேன்? அதே படியில. அவ உயிரோட இருக்கறச்சே மத்யானம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. எனக்குக் கீழ்ப்படியில யார் யார் குடத்தோட நின்னான்னு நான் திரும்பிக் கூடப் பாக்கலை. மடியாப் பண்றேன்னு நெனச்சுண்டு பண்ணினேன். யாராத்துக்கு அனுப்பி வச்சேனோ."

சாஸ்திரிகள் குடைக்காம்பைத் தேய்த்துக் கொண்டே இருந்தார். பிறகு, "அவ விதி அவ்வளவுதான்" என்றார்.

"இருக்கட்டும். விதி தானா வரட்டுமே. நான் ஏன் அதை இடுப்புல தூக்கி வச்சுண்டு வரணும்?"

"தோல் இருக்கேடீம்மா."

"இருக்கு. இல்லைன்னு நான் சொல்லலை. மாட்டுத் தோல்தான். சுவாமி பொறப்பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்கறாளே, அது என்ன வாழைப்பட்டையா? அந்தத் தர்க்கமெல்லாம் எனக்கு வேண்டாம் மாமா. பாவம்னே வச்சுக்கோங்கோ. பாவம் என் தலையில இருக்கட்டும்." முக்காட்டை விலக்கித் தலையில் ஈரக் கையால் தட்டிக் காட்டினாள். "மயிர்கூட இல்லாத தலை. எடம் நெறைய இருக்கு."

பௌதி மீனை விட்டுவிட்டுப் பார்த்தாள். வார்த்தை தெரியாவிட்டாலும் அந்தத் தட்டலின் சத்தம் புரிந்தது.

சாஸ்திரிகள் குரலைத் தாழ்த்தினார். "நான் வேணா கண்ணை மூடிண்டு உக்காருவேன். நடராஜய்யர் காதுல விழுந்தா? இந்த ஊர்ல நாலு ஆத்தை நம்பிப் பொழைக்கறவன் நான். நாளைக்கு ஒருத்தரும் என்னை வாசல்ல ஏத்த மாட்டா. யோசிச்சுப் பாரு. அனந்தத்துக்குப் பண்றது இது. பிராமணா சாப்பிடலைன்னா அவ பசியோட நிப்பா."

"அவ தாகத்தோட போனா" என்றாள் காமு.

சாஸ்திரிகள் போகத் திரும்பினார். இருந்தாலும் காமு விடவில்லை.

"கடைசி வரைக்கும் ஜலம் ஜலம்னா. வைத்தியர் குடுக்கக் கூடாதுன்னார். மனசு கேக்காம ஸ்பூன்ல விட்டேன். எந்த ஜலத்தை விட்டேன்? அதே குடத்து ஜலத்தை. நாளைக்கு அவளுக்கு நல்ல ஜலம் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது."

சாஸ்திரிகள் குடையை விரித்தார். வெயிலில் போனார். நேரே எங்கே போவார் என்று காமுவுக்குத் தெரியும்.

சாயங்காலம் மஹாதேவன் ஆபீஸிலிருந்து வந்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். குழந்தை சுப்புவை மடியில் வைத்துக் கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். பி.ஏ. படித்தவன், இருபத்தாறு வயது. ஒரு மாதமாக அவன் பேசிய வார்த்தைகளை ஒரு கையில் அடக்கி விடலாம். அழவும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டான். ஒரு நாள் காமு குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. பாதிச் சாப்பாட்டில், "உப்பு இருக்காடா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"மாதேவா, கொழாய் ஜலத்துல சமைக்கப் போறேன், நாளைக்கு" என்றாள்.

"சரி."

"சாஸ்திரிகள் கோவிச்சுண்டு போயிட்டார்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படிடா? ஏதாவது சொல்லு. திட்டவாவது திட்டு."

அவன் குழந்தையின் காலில் இருந்த காப்பைத் திருப்பிக் கொண்டிருந்தான். சுப்பு சமையலறைப் பக்கம் கையை நீட்டி, "ஜோல்" என்றாள். பௌதி வீட்டிலேயே பாதி நேரம் கிடந்ததால் தண்ணீருக்கும் அவளுக்கு முதலில் வந்தது அந்த வங்காளிச் சொல்தான். மஹாதேவன் எழுந்து போய்க் குழாயில் பிடித்து வந்து கொடுத்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சந்து முனையில் குதிரை வண்டி நின்றது. நடராஜய்யரும் அவர் மனைவி நாகலக்ஷ்மியும் இறங்கினார்கள். நடராஜய்யர் கம்பெனியில் பெரிய அக்கவுண்டெண்ட். பவானிபூரில் பாதிப் பேருக்கு அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தவர். மஹாதேவனுக்கும்.

"என்னடி காமு, கேக்கறதெல்லாம் நெஜமா?" என்று கேட்டுக் கொண்டே உள்ளே வந்தாள் நாகலக்ஷ்மி.

"கேட்டது எதுன்னு சொல்லுங்கோ மாமி. நெஜமா பொய்யான்னு சொல்றேன்."

"கொழுப்பைப் பாருங்கோ."

"நாகு, நீ இரு" என்றார் நடராஜய்யர். பாயில் உட்கார்ந்தார். "இதோ பார் காமு. உன் மடியைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இப்படி ஒருத்தி கிடையாதும்பேன். துக்கத்துல ஏதோ தோணறது. நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நடை போயிட்டு வா. முடியலையா, எங்காத்து ஒரியாக்காரனை அனுப்பறேன்."

"முடியாம இல்லை மாமா. மாட்டேன்."

"மாட்டேன்னா? சிராத்த காரியத்துல உன் இஷ்டமா?"

"நீங்க ஆபீஸ்ல சோடா குடிக்கறேளாமே. அது எந்தப் படித்துறையில மொண்டு கொண்டு வரா?"

நடராஜய்யர் மஹாதேவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஒரு காலத்தில் அவன்தான் வீட்டில் அந்தச் சோடாக் கதையைச் சொல்ல, அனந்தம் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தாள்.

"ஆபீஸ் வேற, அகம் வேற" என்றார் நடராஜய்யர். "அதெல்லாம் இங்கே பேசாதே."

"சரி, பேசலை. நாளைக்கு யாரும் வர மாட்டா, அவ்வளவுதானே? வர வேண்டாம்."

பேசிப் பேசிக் காமுவுக்குத் தொண்டை வறண்டது. சமையலறைக்குப் போனாள். மூலையில் செப்புத் தவலை இருந்தது. அவளுக்கென்று தனியாக எடுத்து வைக்கும் தண்ணீர். டம்ளரில் மொண்டு அண்ணாந்து குடித்தாள். திரும்பியபோது நாகலக்ஷ்மி நிலைப்படியில் நின்று கொண்டிருந்தாள்.

"அது எந்த ஜலம் காமு?"

காமுவின் கையில் டம்ளர் நின்றது.

"கேக்கறேனே. கொழாய்க் குடம் அதோ இருக்கு. இது என்ன தனியா, செப்புத் தவலையில?"

காமு டம்ளரைத் தவலையின் மேல் கவிழ்த்தாள்.

"முந்தாநாள் மொண்டது, இல்லையா? செத்தவளுக்குத் தோல் ஜலம், உனக்கு மட்டும் கங்கையா?" நாகலக்ஷ்மி கூடத்துப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "நன்னா இருக்கு நியாயம்! தன் தொண்டைக்குள்ள விடாததைப் பிதுருக்களுக்கு விடப் போறாளாம்."

வாயாடி என்று பெயர் எடுத்தவள் காமு. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கை பழக்கத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் முழுக்க மெய்யும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து குடம் குடமாகப் பிடித்தவள், ஒரு வாய் குடிக்கவில்லை. குடிக்கத் தோன்றவே இல்லை.

நடராஜய்யர் எழுந்தார். "அவகிட்ட என்ன பேச்சு. மஹாதேவா, நீ கர்த்தா. படிச்சவன். நீ சொல்லு."

மஹாதேவன் குழந்தையைக் கீழே விட்டான்.

"அக்கா சமைக்கறா. நான் பண்றேன்."

"ஒருத்தனும் இலையில உக்கார மாட்டான்."

"சரி."

"வருஷம் திரும்பினா உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா? நானே ஒரு எடம் மனசுல வச்சுண்டிருந்தேன்."

"நான் கேக்கலையே மாமா" என்றான் மஹாதேவன்.

குரல் உயரவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் அவன் இத்தனை வார்த்தை பேசியது அப்போதுதான். நடராஜய்யர் செருப்பை மாட்டிக் கொண்டார். வண்டி போகும் சத்தம் கேட்டது.

மறுநாள் காமு விறகடுப்பைத்தான் மூட்டினாள். தினச் சமையலுக்கு இந்த ஊர் உனுன் அடுப்பும் கரியும் போதும்; மாசிகத்துக்கு ஆகாது. புகை வெளியே போக வழி இல்லாத சமையலறை. கண் எரிய எரிய உளுந்து அரைத்தாள். எள்ளை வறுத்து வெல்லத்தோடு இடித்தாள். மிளகாயும் புளியும் கூடாது. மிளகைத் தட்டிப் போட்டு ரசம். வாழைக்காய், சேனை, அவரை. பாகற்காய்க்குப் பதில் இந்த ஊர்ச் சின்ன உச்சே. கசப்பு இரண்டு பங்கு. ஒவ்வொன்றுக்கும் குழாய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும்போது நாகலக்ஷ்மியின் குரல் கேட்டது. தன் தொண்டைக்குள்ள விடாததை. மொண்டாள். ஊற்றினாள். மூலையில் செப்புத் தவலை மூடியபடி இருந்தது. தாகம் எடுத்தது. அதையும் தொடவில்லை, இதையும் குடிக்கவில்லை.

மஹாதேவன் குழாயடியில் குளித்துவிட்டு ஈரப் பஞ்சகச்சத்தோடு வந்து உட்கார்ந்தான். பதினோரு மணி ஆயிற்று. வெங்கட்ராமனுக்கு ஜுரம் என்று ஆள் வந்து சொன்னான்.

"ஜுரமா?" என்றார் நிபாரண் பாபு முன்பக்கத்திலிருந்து. "இப்போதுதான் ஜகு பாபு பஜாரில் பார்த்தேன். மாம்பழத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்துக் கொண்டிருந்தார்."

"ஜுரம் மூக்குல வந்திருக்கும்" என்றாள் காமு.

வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்தது. இலை போட்டாயிற்று. தர்ப்பை, எள், தீர்த்தப் பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. உட்காரத்தான் ஆள் இல்லை.

"அக்கா, நாழியாறது" என்றான் மஹாதேவன்.

"தெரியறது."

"எனக்கு மந்திரம் முழுக்க வராது."

"வந்த வரைக்கும் சொல்லு. வராததுக்கு அவளையே கூப்பிடு. உன் குரல் அவளுக்குத் தெரியாதா?"

அப்போது பின்வாசல் சந்தில் ஒரு குடை தெரிந்தது.

"உள்ளே வரலை" என்றார் சாஸ்திரிகள் வெளியே நின்றபடியே. முகம் வேர்த்திருந்தது. "இலையில உக்கார மாட்டேன்னு நடராஜய்யர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அதை மீற முடியாது."

"பின்னே எதுக்கு வந்தேள்?"

"மந்திரம் சொல்ல மாட்டேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்கலை." குடையை நிமிர்த்திப் பிடித்தார். "சந்து முனிசிபாலிட்டியோடது. இங்கே நின்னா யார் என்ன கேக்க முடியும்? மஹாதேவா, தர்ப்பையில ரெண்டு கூர்ச்சம் முடிஞ்சு இலைக்கு எதிரே வை. ஆள் கிடைக்காத எடத்துல அப்படிப் பண்ண விதி இருக்கு."

"இது ஆள் கிடைக்காத எடம்தான்" என்றாள் காமு. "இத்தனை பேர் இருந்தும்."

"வாயை வச்சுண்டு சும்மா இரேன்டீம்மா. எனக்குத் தலை கொதிக்கறது."

சந்திலிருந்து அவர் சொல்ல, உள்ளே மஹாதேவன் திருப்பிச் சொன்னான். தலையில் மூங்கில் தட்டோடு போன மீன்காரி நின்று கேட்டுவிட்டுப் போனாள். பூணூலை இடம் மாற்றச் சொன்னார். மாற்றினான். காமு இரண்டு இலைக்கும் பரிமாறினாள். தர்ப்பைப் புல்லுக்கு எதிரே குனிந்து, மனிதருக்குப் பரிமாறுவது போலவே, வடையை ஓரத்தில் வைத்து, நெய்யைச் சூடாக ஊற்றினாள்.

எள்ளும் ஜலமும் விடும் இடம் வந்தது. சாஸ்திரிகள் கோத்திரத்தைச் சொன்னார். மஹாதேவன் சொன்னான். பெயரைச் சொன்னார்.

மஹாதேவன் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

"அனந்தலக்ஷ்மி" என்றார் சாஸ்திரிகள் மறுபடியும், சந்திலிருந்து, இன்னும் உரக்க.

அவன் தோள் ஆடியது. கையில் இருந்த எள் கீழே சிந்தியது. ஒரு மாதமாக எங்கோ தேங்கி நின்றதெல்லாம் அந்த ஒரு பெயரில் வந்து முட்டிக் கொண்டது. காமு கிட்டப் போகவில்லை. போனால் அவன் சொல்ல மாட்டான் என்று தெரியும்.

"சொல்லுடா" என்றாள். "அவ காத்துண்டிருக்கா. சொல்லு."

சொன்னான். பாதி அழுகையும் பாதிப் பெயருமாக. காமு கிண்டியைச் சாய்த்தாள். குழாய்த் தண்ணீர், நிபாரண் பாபு முற்றத்துத் தோல் தண்ணீர், அவன் உள்ளங்கையில் விழுந்து, எள்ளை இழுத்துக் கொண்டு, கட்டைவிரல் ஓரமாக இறங்கியது. தெளிவாக இருந்தது. அடியில் தட்டின் பித்தளை தெரிந்தது.

'குடி அனந்தம்' என்று காமு மனசுக்குள் சொன்னாள். 'வயிறு ரொம்பக் குடி.'

முடிந்தபோது சாஸ்திரிகளின் குரல் கம்மிப் போயிருந்தது. "இலைகளைப் பசுவுக்குப் போட்டுடு. கங்கையிலும் விடலாம்."

"பசுவுக்கே போடறேன்."

"தெரியும், நீ அதைத்தான் சொல்லுவேன்னு." அவர் தொண்டையைச் செருமினார். "காமு, கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக் கொண்டார். உதடு வெடித்திருந்தது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

காமு வெள்ளிச் சொம்பை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். செப்புத் தவலையை இடுப்பில் தூக்கிக் கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பழைய இடத்தில், தடித்த தோலின் மேல், அது சரியாக உட்கார்ந்தது. பௌதியின் செம்பருத்திச் செடி அடியில் அப்படியே கவிழ்த்தாள். மண் குடித்துவிட்டது.

"காமுதி!" என்றாள் பௌதி. "கங்கா ஜோல்!"

"ஆமாம்."

குழாயடியில் குனிந்து திருகினாள். இந்த முறை சரியான பக்கம். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். இருபது வருஷ மடி அந்தக் கையில் இருந்தது. சந்தில் சாஸ்திரிகள் பார்க்க, முற்றத்தில் பௌதி பார்க்க, கூடத்தில் தம்பி பார்க்க, குடித்தாள். இரும்பு வாசனை அடித்தது. தோல் வாசனை இருக்கிறதா என்று நாக்கால் தேடினாள். தெரியவில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று மறுபடி ஏந்திக் குடித்தாள். மூச்சு வாங்கும் வரை குடித்தாள்.

சுப்பு பௌதியின் பிடியிலிருந்து நழுவி ஓடி வந்தாள். "ஜோல்! ஜோல்!" என்று ஈர நார்மடியைப் பிடித்து இழுத்தாள். மடியாக இருக்கும்போது குழந்தை தொட்டால் காமு உதறுவது வழக்கம். உதறவில்லை. கையில் பிடித்து அவளுக்கும் கொடுத்தாள். பாதி வாயிலும் பாதிச் சட்டையிலும் போயிற்று.

பிறகு சொம்பை நிரப்பிக் கொண்டு போய்ப் பின்வாசல் படியில் வைத்தாள்.

"கொழாய் ஜலம். தோல் ஜலம்தான். நான் குடிச்சாச்சு. இனிமே உங்க இஷ்டம் மாமா."

அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

மஹாதேவனுக்கு இலை போட்டாள். கண் சிவந்து வீங்கியிருந்தது அவனுக்கு. ரசம் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக் கொண்டான். நிறுத்தினான்.

"அக்கா."

"என்னடா?"

"உப்பு கம்மி."

காமு அவனையே பார்த்துக் கொண்டு நின்றாள். பிறகு உப்பு மரவையைக் கொண்டு வந்து இலை ஓரத்தில் வேண்டியதற்கு மேலேயே வைத்தாள். "நாளைக்கு ஆபீஸ்ல நடராஜய்யரைப் பாப்பியோன்னோ? மாமிகிட்டச் சொல்லச் சொல்லு, காமு தோல் ஜலம் குடிச்சாச்சுன்னு."

"சோடா குடிக்கறச்சே சொல்றேன்" என்றான் அவன், இலையைப் பார்த்துக் கொண்டே.

சிரித்துக் கொண்டே சொம்பை எடுக்கப் போனாள். சந்தில் யாரும் இல்லை. முனையில் கறுப்புக் குடை திரும்பிக் கொண்டிருந்தது. சொம்பு படியில், வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். காலி.

படியின் கீழே பார்த்தாள். சந்தின் இரண்டு ஓரமும் பார்த்தாள். செங்கல் இடுக்குகளில் புழுதி வெள்ளையாகக் கிடந்தது. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

காமு சொம்பை இடுப்பில் வைத்துக் கொண்டு நேரே குழாயடிக்குப் போனாள்.